அம்பத்தூர் லேத்துக்கு சந்தனப் பொட்டு, என் போட்டோவுக்கு ஐபிடிசி

"போன்ல எடுத்த போட்டோவை வித்து மாசம் லட்ச ரூபாய்!"

யூட்யூப்ல இந்த மாதிரி வீடியோ போடறவங்க யாராவது ஒருத்தர் என் கையில சிக்கணும். அடிக்கல்லாம் மாட்டேன். பக்கத்துல உக்கார வச்சு, ஒரே ஒரு போட்டோவுக்கு கீவேர்டு எழுதச் சொல்லுவேன். அது போதும்.

என்ன இவ்வளவு கோவம்னு கேக்கறீங்களா? ஆவடியில இருக்கற எங்க சித்தி பையன் அந்த வீடியோவைப் பார்த்துட்டு ஒரு மூட்டை போட்டோவை வாட்ஸ்அப்ல கொட்டிட்டான். "அக்கா, நீதான் இந்த ஸ்டாக் போட்டோ வேலையெல்லாம் பண்றியே, இதையும் சேர்த்து ஏத்தி விட்டுடு. வர்றதுல பாதி உனக்கு."

(பாதி! என்ன ஒரு தாராள மனசு.)

சும்மா சொல்லக்கூடாது, பையனுக்குக் கண்ணு இருக்கு. பருத்திப்பட்டு ஏரியில காலை வெயில், டீக்கடை பாய்லர்ல இருந்து எழும்பற ஆவி, எல்லாமே நல்லா எடுத்திருக்கான். ஆனா ஃபைலைத் திறந்தா ஒரு பக்கம் 1600 பிக்சல், இன்னொரு பக்கம் 1200. பெருக்கிப் பாருங்க. 19 லட்சத்து 20 ஆயிரம். ரெண்டு மெகாபிக்சல்கூட தேறல. ஷட்டர்ஸ்டாக் ஆகட்டும், அடோபி ஸ்டாக் ஆகட்டும், நாலு மெகாபிக்சலுக்குக் கீழ இருந்தா வாசல்லயே நிறுத்திடும். ஆள் பார்க்கற கட்டத்துக்கே போகாது.

வாட்ஸ்அப் போட்டோவை சுருக்கித்தான் அனுப்பும். அதோட என்னிக்கு, எந்த கேமராவுல எடுத்ததுங்கற எக்ஸிஃப் தகவலையும் உருவிப் போட்டுடும். "ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்புடா, இல்ல டிரைவ்ல போடுடா"ன்னேன்.

"போன் ஃபுல் ஆயிடுச்சுன்னு டெலீட் பண்ணிட்டேன்க்கா."

நம்ம 1957 காப்புரிமைச் சட்டப்படி போட்டோ எடுத்தவர்தான் பொதுவா முதல் உரிமையாளர். 2012-ல திருத்தம் வந்ததுக்கு அப்புறம், எடுத்தவரோட ஆயுள் முழுக்க, அதுக்கு மேல இன்னும் 60 வருஷம் அந்த உரிமை இருக்கும். பையனுக்கு உரிமை பேரன் காலம் வரைக்கும் இருக்கு. ஒரிஜினல்தான் இல்ல.

சரி, இதை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். அவனுக்குத் தனியா சொல்ற நேரத்துல எல்லாருக்கும் சொல்லிடலாம்.

*

ஸ்டாக் போட்டோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பேங்க் நோட்டீஸ்ல சிரிக்கற குடும்பம், பாடப் புத்தகத்துல வர்ற நெல் வயல், செய்திக்கு மேல "சித்தரிப்புப் படம்"னு போடறது, இதெல்லாம் பெரும்பாலும் அந்த வேலைக்குன்னே எடுத்தது இல்ல. யாரோ எப்பவோ எடுத்து ஒரு படக் கிடங்குல போட்டு வச்சது. வேணுங்கறவங்க காசு கொடுத்து உரிமம் வாங்கிப்பாங்க.

முன்னாடி எல்லாம் ஸ்லைடு காலம். மும்பையில டினோடியா மாதிரி ஏஜென்சிங்க பொட்டி பொட்டியா ஸ்லைடு வச்சிருந்தாங்க. 2000-ல கனடாவுல ஐஸ்டாக்ஃபோட்டோ, 2003-ல நியூயார்க்ல ஷட்டர்ஸ்டாக்னு வந்து மொத்தத்தையும் இன்டர்நெட்டுக்கு இழுத்துட்டாங்க. இங்க டெல்லியில சந்தீப் மகேஸ்வரி 2006-ல இமேஜஸ்பஜார் ஆரம்பிச்சார், முழுக்க இந்திய முகங்களை வச்சு. (ஆமா, மேடையில மைக் பிடிச்சு தன்னம்பிக்கை பேசுவாரே, அவரேதான்.)

இப்போ அம்பத்தூர்ல உக்காந்துட்டு நானும் போடலாம், பிரேசில்ல உக்காந்துட்டு யாரோ ஒருத்தனும் போடலாம். ஆனா வாங்கறவன் என்னையும் பார்க்கப் போறதில்ல, அவனையும் பார்க்கப் போறதில்ல. அவன் பார்க்கறது ஒரு ஃபைலை. அதனால, நல்ல போட்டோ எடுக்கறது பாதி வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. என் கணக்குல அது கால் வேலைகூட இல்ல. மீதி எல்லாம் நாற்காலியில நடக்கறது.

*

முதல்ல இந்த ஃபைல் சைஸ், எம்பி குழப்பத்தைத் தீர்த்துடறேன். ஏன்னா இதுல மாட்டாத ஆளே இல்ல.

அலமின்னு இங்கிலாந்துல ஒரு கம்பெனி. அவங்க விதியில "திறந்த நிலையில 17 எம்பிக்கு மேல இருக்கணும்"னு இருக்கும். நம்ம ஆளுங்க உடனே கம்ப்யூட்டர்ல ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணிப் பார்த்து, "ஐயோ, என்னுது 8 எம்பிதானே இருக்கு"ன்னு பதறி, போட்டோஷாப்ல இழுத்துப் பெருசாக்கி அனுப்புவாங்க. அதுக்காகவே திருப்பி அடிப்பாங்க.

ஜேபெக் ஒரு பொரிக்காத அப்பளம். டப்பாவுல ஒல்லியா அடுக்கி இருக்கும். எண்ணெயில போட்டாத்தான் உண்மையான அளவு தெரியும். 24 மெகாபிக்சல் கேமராவுல 6000-க்கு 4000. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு பைட். மொத்தம் 7 கோடியே 20 லட்சம் பைட். அதாவது டிஸ்க்ல 8 எம்பியா தூங்கற அதே ஃபைல் திறந்தா 70 எம்பி பக்கம் வரும். அவங்க கேக்கற 17 எம்பி, கணக்குப் போட்டா ஏறக்குறைய ஆறு மெகாபிக்சல்தான். இப்போ விக்கற சாதாரண கேமரா எதுவா இருந்தாலும் தாண்டிடும்.

இதுல நமக்கு ஒரு லாபமும் இருக்கு. பெருசாக்கத்தான் கூடாது, சின்னதாக்கலாம். பூந்தமல்லியில சாயங்காலம் பூக்கடை வெளிச்சத்துல ஐஎஸ்ஓ 6400 வச்சு எடுத்தா, நூறு சதவீதத்துல பார்க்கும்போது நிழல் முழுக்க ரவை தூவின கணக்கா நாய்ஸ். நாய்ஸ் ரிடக்ஷனை இழுத்துப் பார்த்தேன். பூக்காரம்மா முகம் மெழுகு பொம்மை ஆயிடுச்சு. கொஞ்சம் குறைச்சேன். நாய்ஸ் திரும்ப வந்துடுச்சு. கடைசியில 24 மெகாபிக்சலை எட்டு மெகாபிக்சலுக்குக் குறைச்சு எக்ஸ்போர்ட் பண்ணேன். மூணு பிக்சல் சேர்ந்து ஒண்ணாகும்போது புள்ளியெல்லாம் தன்னால அடங்கிடுது. ஏத்துக்கிட்டாங்க.

கனகாம்பரத்தைப் பத்தி தனியா சொல்லணும். மல்லி பிரச்சனையே பண்ணாது. கொஞ்சம் அண்டர் எக்ஸ்போஸ் பண்ணா போதும், ஒவ்வொரு மொட்டும் தனியா தெரியும். ஆனா கனகாம்பரம் இருக்கே! ஸ்க்ரீன்ல பார்த்தா பளிச்சுன்னு அழகா இருக்கும். பெருசு பண்ணிப் பார்த்தா இதழ்ல நரம்பும் இல்ல, மடிப்பும் இல்ல, வெறும் ஆரஞ்சு பெயின்ட் கொட்டின மாதிரி தட்டையா கிடக்கும். மொத்த ஹிஸ்டோகிராமைப் பார்த்தா ஒழுங்கா இருக்குன்னு சொல்லும். சிவப்பை மட்டும் தனியா பார்த்தா வலது சுவத்துல முட்டி நிக்குது. அந்த ஒரு சேனல் நிரம்பி வழிஞ்சதுதான் காரணம். இப்போல்லாம் கனகாம்பரம் கண்ணுல பட்டாலே ஒரு ஸ்டாப் குறைச்சு, ரா ஃபைல்லதான் எடுக்கறது. அப்புறம் எஸ்ஆர்ஜிபியில எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஆரஞ்சு சேச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குவேன். அடோபி ஆர்ஜிபியில வச்சே அனுப்பினா, அதைப் புரிஞ்சுக்காத இடத்துல நிறம் செத்துப் போய்த் தெரியும். எஸ்ஆர்ஜிபி 1996-ல எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டு வந்தது. பழசுதான், ஆனா எந்த ஸ்க்ரீனுக்கும் புரியும்.

*

இப்போ தூசி.

எங்க அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டுல லாரி போகும்போது லென்ஸ் மாத்தற தைரியம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இல்ல. இருந்தும் சென்சார்ல எப்படியோ வந்து உக்காந்துடுது. வழக்கமா கண்ணுக்குத் தெரியாது. கொரட்டூர் ஏரிக்கரையில நின்னு, எல்லாம் ஷார்ப்பா வரட்டும்னு எஃப் 16 வச்சு எடுத்தீங்கன்னா, வானத்துல சாம்பல் கலர்ல வட்ட வட்டமா வந்து நிக்கும். துளை சின்னதாக ஆக, தூசியோட நிழல் கூர்மையாகும். எஃப் 4-ல அதே தூசி கரைஞ்சு காணாமப் போயிடும்.

லைட்ரூம்ல "விஷுவலைஸ் ஸ்பாட்ஸ்"னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டா படம் முழுக்க கறுப்பு வெள்ளையா மாறி, தூசியெல்லாம் வெள்ளை வளையமா எழுந்து நிக்கும். நீல வானம்னு நினைச்சது நட்சத்திர மண்டலமா ஆயிடும். பார்த்தவுடனே கேமராவைத் தூக்கிப் போட்டுடலாமான்னு தோணும். பொறுமையா ஒவ்வொண்ணா எடுக்கணும். இடது மேல் மூலையில ஆரம்பிச்சு, நூறு சதவீதத்துல, வரிசையா, புடவை மடிப்பு பார்க்கற மாமி கண்ணோட. (நிஜத்துல அந்த நேரத்துல பாட்காஸ்ட் கேட்டா ரெண்டு புள்ளி விட்டுப் போகும். அமைதியா பார்க்கறதுதான் வேகம்.)

அடுத்தது கரண்ட் கம்பி. நம்ம ஏரியாவுல கம்பி இல்லாத ஒரு வானத்தைக் காட்டுங்க பார்ப்போம். ஈபி கம்பி, கேபிள் டிவி கம்பி, நெட் கம்பி, அதுல மாட்டின போன வருஷத்துக் காத்தாடி. வெளிறின வானத்துக்கு முன்னாடி கறுப்புக் கம்பி வந்தா, ஒரு ஓரத்துல ஊதா, இன்னொரு ஓரத்துல பச்சைக் கோடு. குரோமாட்டிக் அபரேஷன். சாதாரணமா பார்த்தா தெரியாது, இருநூறு சதவீதத்துல பார்த்தா தெருவே கல்யாண சீரியல் செட் போட்டிருக்கும். அதுக்கும் ஒரு டிக் இருக்கு, போட்டா தொண்ணூறு சதவீதம் போயிடும். மிச்சத்தைக் கையில துடைக்கணும்.

ஷார்ப்பனிங்ல கை வைக்காதீங்க. கேமராவுக்குள்ளயே குறைச்சு வைங்க. வாங்கறவங்க அவங்க தேவைக்கு ஏத்த மாதிரி பண்ணிப்பாங்க. ஜேபெக் தரத்தை உச்சத்துல வச்சு ஒரே ஒரு தடவை சேவ் பண்ணுங்க. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டமா வெட்டித்தான் சுருக்குது. திரும்பத் திரும்ப அதே ஃபைலைத் திறந்து மாத்தி சேவ் பண்ணா அந்தக் கட்டமெல்லாம் வானத்துல வெளிய வந்துடும்.

*

இதெல்லாம்கூட சுலபம். எனக்கு ரொம்பப் பிடிச்ச தலைவலி, லோகோ.

நான் எடுக்கறது பெரும்பாலும் எஸ்டேட்ல. டிஐ சைக்கிள்ஸ் 1949-ல ஆரம்பிச்ச ஊர் இது. எஸ்டேட் 60-கள்ல வந்தது. இன்னிக்கு ஐடி கம்பெனிங்க கண்ணாடிக் கட்டடம் கட்டி நின்னாலும், உள் சந்துல நுழைஞ்சா லேத் சத்தம்தான். வேலை ஆகும்போது சுருள் சுருளா நீலம் பாரிச்சு விழற இரும்புச் சீவல், வெள்ளையா ஒழுகற கூலன்ட், எண்ணெய்க் கை. உலகத்துல எங்க இருக்கற டிசைனருக்கும் இந்த மாதிரிப் படம் வேணும். சும்மா வெள்ளைக் கோட்டு போட்டு, துளி அழுக்கு இல்லாம, ஹெல்மெட்டோட சிரிக்கற "இன்ஜினியர்" படம் ஏற்கனவே மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு.

ஆனா ஒரு பட்டறையில எத்தனை பேர் பேரு எழுதியிருக்கு தெரியுமா? லேத்ல கம்பெனி பேர். மோட்டார்ல ஒரு தகடு. எண்ணெய் டின்ல பெட்ரோல் கம்பெனி சின்னம். காலண்டர்ல ஹார்டுவேர் கடை. வேலை பார்க்கற அண்ணன் டீ ஷர்ட்ல ஒரு ஸ்போர்ட்ஸ் பிராண்டு (ஒரிஜினல் இல்ல, அது வேற விஷயம்). விளம்பரத்துக்கு விக்கற கமர்ஷியல் உரிமத்துல இதுல ஒண்ணுகூட தெரியக்கூடாது.

ஒரு படத்துல, விரல் நுனி எண்ணெயோட ஒருத்தர் டிஜிட்டல் வெர்னியரைப் பிடிச்சிருக்கார். அருமையான படம். வெர்னியர்ல மிட்டுடோயோன்னு பேரு. எல்சிடிக்கு மேல, சின்ன எழுத்துல. அழிச்சிடலாம்னு குளோன் ஸ்டாம்ப் எடுத்தேன். அந்த ஸ்டீலுக்கு ஒரு ஓட்டம் இருக்கு, நீளவாக்குல மெல்லிசா கோடு கோடா. குறுக்க எடுத்து ஒட்டினா உடனே அழுக்குத் துணியால துடைச்ச தடம் மாதிரி காட்டிக் கொடுக்குது. அதே கோட்டுல பக்கத்துல இருந்து எடுத்து, எழுத்து எழுத்தா மூடணும். அதுக்கு அடுத்தாப்புல அளவுகோல் கோடு இருக்கு, அதுல பட்டா மில்லிமீட்டர் காணாமப் போகும். லேத் தெரிஞ்ச ஆள் பார்த்தா சிரிப்பான். ஒரு வெர்னியருக்கு ஒரு மாலை நேரம் போச்சு.

இதுக்கு அப்புறம் நான் கண்டுபிடிச்ச மருந்து ஃபோட்டோஷாப்ல இல்ல. படம் எடுக்கறதுக்கு முன்னாடி கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழிச்சு பேர் மேல ஒட்டிடறேன். பட்டறையில டேப்புக்கா பஞ்சம்! எண்ணெய் டின்னைத் திருப்பி வை, காலண்டரைக் கழட்டு, டீ ஷர்ட்டை உள்பக்கம் வெளிய போட்டுக்கோ. (கடைசி ஒண்ணுக்கு கொஞ்சம் கெஞ்சணும்.)

முகம் தெரிஞ்சா மாடல் ரிலீஸ் வேணும். நான் பேப்பரை நீட்டின உடனே லேத் ஓனர் கேட்டாரே ஒரு கேள்வி: "ஏம்மா, சொத்து ஏதாவது எழுதி வாங்கறியா?"

தப்பு சொல்ல முடியாது. இங்கிலீஷ்ல ஒரு பக்கம், கையெழுத்து, தேதி, முகவரி, அதுக்கு சாட்சி கையெழுத்து வேற. எங்க ஊர்ல சாட்சின்னாலே ரெஜிஸ்டர் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். நான் வரி வரியா தமிழ்ல சொன்னேன். உங்க படத்தை விளம்பரத்துல போடலாம், எந்த ஊர்லன்னு எனக்கே தெரியாது, அதுக்கு நீங்க சம்மதிக்கறீங்க, அவ்வளவுதான். "அப்போ ஜப்பான்ல என் மூஞ்சி வருமா?" வரலாம்ணே. "சரி குடு, சாட்சிக்கு வெல்டிங் கடை பையனைக் கூப்பிடு."

கை மட்டும் தெரிஞ்சா ரிலீஸ் வேண்டாம். ஆனா கையில பச்சை குத்தியிருந்தா? அது ஒருத்தர் வரைஞ்சதாச்சே. அதுக்கும் கேப்பாங்க. பொண்டாட்டி பேரைக் குத்தினவர்கிட்ட போய், "இதை வரைஞ்சவர் யாருண்ணே"ன்னு கேட்டுப் பாருங்க, எப்படி முழிப்பார்னு.

தெருவுக்கு வந்தா இன்னும் மோசம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வெறும் சுவர் சொல்லுங்க. தலைவர் பிறந்தநாள், பட ரிலீஸ், காதுகுத்து பேனர், "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்"னு எழுதின எடத்து மேல நோட்டீஸ். பொது இடத்துல இருக்கற கட்டடத்தையும் சிலையையும் படம் எடுக்க நம்ம காப்புரிமைச் சட்டத்தோட 52-வது பிரிவு இடம் கொடுக்குது. போஸ்டருக்கும் சுவர் ஓவியத்துக்கும் அந்தச் சலுகை இல்ல. அதுல இருக்கற முகத்துக்கு ரிலீஸ் வாங்க நான் நடிகர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்.

அதுக்குத்தான் எடிட்டோரியல்னு ஒரு வழி இருக்கு. செய்தி, பத்திரிகை, பாடப் புத்தகத்துக்கு மட்டும். ரிலீஸ் இல்லாமலே முகம் இருக்கலாம், லோகோ இருக்கலாம். ஆனா படத்துல கை வைக்கக் கூடாது. கம்பியை அழிக்கறது, டேப் ஒட்டறது எல்லாம் இங்க குத்தம். கேப்ஷனும் அவங்க சொல்ற அச்சுலதான் இருக்கணும். ஷட்டர்ஸ்டாக்ல ஊர், நாடு, ஒரு சின்னக் கோடு, மாசம், தேதி, வருஷம், அப்புறம் என்ன நடக்குதுங்கறது. "அம்பத்தூர், இந்தியா - அக்டோபர் 11, 2024: ஆயுத பூஜை அன்று ஒரு சிறு பட்டறையில் தொழிலாளர்கள்" இப்படி, இங்கிலீஷ்ல. தேதி தப்பா இருந்தா திரும்பி வரும். ரொம்ப நாள் பேட்டரி கழட்டி வச்ச கேமரா தன்னால பழைய வருஷத்துக்குப் போயிடும். ஷூட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.

(ஆவடிக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. விஜயந்தா, அர்ஜுன்னு டேங்க் செஞ்ச ஊர், கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சிஆர்பிஎஃப், எல்லாம் இருக்கு, பெருமைதான். ஆனா அந்த காம்பவுண்டுப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. 1923-ல வெள்ளைக்காரன் போட்ட அரசு ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு. "ஸ்டாக் போட்டோக்கு சார்"னு சொன்னா கேட்டுல நிக்கறவருக்குப் புரியாது.)

*

கீவேர்டு. ஆரம்பத்துலயே மிரட்டினேனே, அது.

படத்துக்குள்ளயே தலைப்பு, விளக்கம், கீவேர்டு எழுதி வைக்க ஐபிடிசின்னு ஒரு இடம் இருக்கு. பத்திரிகைக்காரங்களுக்காக சர்வதேச பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம் உருவாக்கினது. லைட்ரூம், பிரிட்ஜ், டிஜிகேம் எதுல வேணாலும் எழுதலாம். டிஜிகேம் இலவசம். ஒரு தடவை ஃபைலுக்குள்ள எழுதிட்டா எந்தத் தளத்துல ஏத்தினாலும் அதுவே படிச்சுக்கும். ஒவ்வொரு தளத்துலயும் போய் பெட்டி பெட்டியா டைப் அடிக்கறவங்களைப் பார்த்தா எனக்குக் கண்ணீர் வரும்.

ஷட்டர்ஸ்டாக் ஏழுல இருந்து ஐம்பது வரைக்கும் கேக்கும். அடோபி 49-ல நிறுத்திக்கும், அதுலயும் முதல் பத்துக்குத்தான் மரியாதை அதிகம். அதனால வரிசை முக்கியம். எல்லாரும் என்ன பண்றாங்கன்னா, லேத் படத்துக்கு முதல்ல "இந்தியா", "ஆசியா", "மனிதன்", "நிறம்"னு ஆரம்பிப்பாங்க. எவன் "நிறம்"னு தேடி லேத் வாங்குவான்? நான் இப்போ கண்ணை மூடிக்கிட்டு வாங்கறவன் எடத்துல உக்காந்து பார்ப்பேன். அவனுக்கு ஒரு கட்டுரை இருக்கு, சிறுதொழில் கடன் பத்தி. அவன் என்ன தட்டுவான்? லேத் மெஷின், சிறுதொழில், பட்டறை, தொழிலாளி, இரும்பு, எண்ணெய்க் கை, அளவு பார்த்தல். இதுதான் முன்னாடி. ஊர் பேர் கடைசியில, ஆனா கண்டிப்பா. பூந்தமல்லிக்கு இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதறாங்களோ அத்தனையும் போடுங்க. மெரினா, மீனாட்சி கோயில்னு கூட்டத்துக்காகச் சேர்க்காதீங்க, ஸ்பேம்னு தூக்கிடுவாங்க.

இன்னொண்ணு, ஒரே இட்லியை நாலு பக்கத்துல இருந்தும் எடுத்து அத்தனையும் அனுப்பக் கூடாது. ஒரே மாதிரி இருக்குன்னு மொத்தமா அடிப்பாங்க. எதை விடறதுன்னு முடிவு பண்றதுதான் எனக்கு எல்லாத்தையும் விட வலிக்கற வேலை.

*

காசு. வீடியோக்காரங்க சொல்லாத பகுதி.

அடோபி ஸ்டாக்ல போட்டோவுக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன்ல விதியை மாத்தி, எத்தனை டவுன்லோடு ஆகுதோ அதைப் பொறுத்து 15-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் படி வச்சாங்க. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எல்லாரும் திரும்ப முதல் படிக்கு வரணும். ஒரு படத்துக்குக் குறைஞ்சபட்சம் 10 சென்ட். நம்ம காசுக்கு ஒரு டீகூட வராது. அதுக்கு மேல அமெரிக்க வரி. டபிள்யூ-8 பென்னுங்கற படிவத்தை பான் நம்பரோட ஒழுங்கா நிரப்பிக் கொடுத்தா, இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி அங்க வித்த ராயல்டியில 15 சதவீதம் பிடிப்பாங்க. சோம்பேறித்தனமா விட்டா 30.

லட்சம் எங்க, இது எங்க? ஆனா ஒரு படம் போய்க்கிட்டே இருக்கும்ங்கறது நிஜம். என்னுதுல அதிகம் போனது எது தெரியுமா? நான் உயிரைக் கொடுத்து எடுத்த ஏரி சூரிய உதயம் இல்ல. இரும்புச் சீவல் குவியல். முகம் இல்ல, லோகோ இல்ல, ரிலீஸ் இல்ல. சும்மா போற போக்குல எடுத்தது.

"இனிமே எல்லாம் ஏஐ வரைஞ்சிடும்க்கா"ன்னு தம்பி சொல்றான். படக் கம்பெனி கெட்டி 2022 செப்டம்பர்ல ஏஐ படம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அடோபி அதே வருஷம் டிசம்பர்ல, ஏஐன்னு சொல்லி லேபிள் ஒட்டினா சேர்த்துக்கறேன்னுட்டாங்க. அதனால சூரிய உதயத்துக்கு இனி மதிப்பு இல்லைங்கறது என் கருத்து. ஆனா ஏஐகிட்ட லேத் கேட்டுப் பார்த்தேன். சக்குல மூணு தாடை இருக்க வேண்டிய எடத்துல பூ மாதிரி ஏதோ இதழ் விரிச்சிருந்தது. டூல் ஒரு பக்கம், ஜாப் வேற பக்கம், நடுவுல நெருப்புப் பொறி பறக்குது. லேத்ல எங்கய்யா நெருப்பு? லேத் ஓனர்கிட்ட காட்டினேன். "இந்த மெஷினை ஓட்டினா ஆஸ்பத்திரிதான்"னார். இந்த மாதிரி ஏஐ படக் குவியலுக்குள்ள நிஜ லேத் ஒண்ணு இருந்தா, தெரிஞ்சவன் அதைத்தான் எடுப்பான்.

தம்பிக்கு நான் சொல்லியிருக்கறது ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டுக்கு வான்னுதான். வருஷம் முழுக்க ஓடற மெஷின் அன்னிக்கு நிக்கும். எண்ணெய் துடைச்சு, வாழைக்கன்று கட்டி, பொரி, பூசணி, வாசல்ல கோலம். யாரும் விரட்ட மாட்டாங்க, எல்லாரும் புதுச் சட்டையில போஸ் கொடுப்பாங்க, ரிலீஸ்லயும் சந்தோஷமா கையெழுத்துப் போடுவாங்க. அதைவிடப் பெரிய விஷயம், சந்தனமும் குங்குமமும் எங்க வைப்பாங்க தெரியுமா? மெஷினோட நெத்தியில. நெத்தின்னா கம்பெனி பேர் தகடு. பாதி லோகோ அவங்களே மூடிக் கொடுத்துடறாங்க, மீதிக்கு ஒரு மாலை. இன்சுலேஷன் டேப் செலவு மிச்சம்.

வாங்கறவங்க பண்டிகைப் படத்தை ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தேட ஆரம்பிச்சிடுவாங்க. அதனால இந்த வருஷம் எடுக்கறது அடுத்த வருஷத்துக்குத்தான். பரவாயில்ல. ரிலீஸ் ஃபார்ம் கட்டா பிரின்ட் போட்டு வச்சிருக்கேன், பேனாவும் எடுத்து வச்சாச்சு. தம்பி மெமரி கார்டு மட்டும் கொண்டு வந்தா போதும், காலியா.